தவறவிட்ட வாரம்: தமிழ்த் தொலைக்காட்சி அறிவியல் புனைவில் தனிக்கதையும் தொடர்கதையும்

தொலைக்காட்சி அறிவியல் புனைவு இருவகை வடிவங்களில் வளர்ந்தது. ஒரே ஒளிபரப்பில் தொடங்கி முடியும் தனிக்கதை ஒன்று. பல வாரங்கள் நீளும் தொடர்கதை மற்றொன்று. 1959இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ட்விலைட் ஸோன்’ முன்னதற்குச் சான்று. 1963இல் பிரிட்டனில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ ஒவ்வொரு கதையையும் 25 நிமிடப் பகுதிகளாகப் பிரித்து நெடுங்காலம் சொல்லிவந்தது. 2005இல் மீண்டும் வந்தபோது ஏறத்தாழ 45 நிமிடத் தனிக்கதைகளையே பெரிதும் கைக்கொண்டது. தனிக்கதை ஒரு கருத்தைச் சொல்லவும் தொடர்கதை ஓர் உலகைக் கட்டவும் ஏற்றவை என்பது பொதுவான பகுப்பு. தமிழ்த் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை இப்பகுப்பு போதாது. கதையின் நீளத்தைவிட, அறிவியல் ஊகம் கதையின் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பதே இங்குத் தீர்மானிக்கும் கூறாக அமைகிறது.

தமிழ்த் தொலைக்காட்சிக்குத் தொடர்கதை புதிய வடிவம் அன்று. அது வார இதழ்களிடமிருந்து பெற்ற சொத்து. ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சில் நிறுத்துதல், அடுத்த வாரம் அதை அவிழ்த்துப் புதியதொன்றைப் போடுதல் ஆகிய உத்திகள் இதழிலிருந்து திரைக்கு அப்படியே பெயர்ந்தன. பெயராதது ஒன்றுண்டு. இதழ் வாசகர் ஒரு வாரத்தைத் தவறவிட்டால் பக்கத்து வீட்டில் பழைய இதழை இரவல் வாங்கலாம். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்திருப்பவரைத் தேடிச் செல்லலாம். எதுவும் கிட்டாவிடினும் முன்கதைச் சுருக்கம் இருந்தது. தொலைக்காட்சியில் கடந்துபோன வாரம் கடந்துபோனதே.

இந்த இழப்பு எல்லாப் பார்வையாளருக்கும் ஒரே அளவினதன்று. வாரத் தொடர் தன் பார்வையாளரை மாலைதோறும் வீட்டில் இருப்பவராகக் கற்பனை செய்துகொள்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழிற்பகுதிகளில் இக்கற்பனை உடைகிறது. சிப்காட் வளாகங்களில் இயங்கும் வாகன, உதிரிபாக ஆலைகளில் சுழற்சி முறையில் ஷிப்ட் பார்க்கும் ஒரு தொழிலாளிக்குப் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை வேலை வரும் வாரத்தில், இரவு எட்டரை மணித் தொடர் இல்லை. நாடெங்கும் அணியப்படும் கைக்கடிகாரங்களைச் செய்துவந்த ஊரில், தொடருக்குரிய நேரம் தொழிலாளியின் கையில் இல்லை என்பது கசப்பான முரண். ஆகவே, ஒரு தொடரின் ஒரு பகுதியைத் தவறவிட்டவர் அடுத்த பகுதியில் மீண்டும் உள்ளே நுழைய இயலுமா என்னும் வினா, வடிவத்தைப் பற்றிய விமர்சன வினாவாகவே கொள்ளத்தக்கது.

இவ்வினாவை முதலில் ‘மர்மதேசம்’ தொடர் வரிசைக்குப் பொருத்திப் பார்க்கலாம். இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை இயக்குநர் நாகா படமாக்கிய இவ்வரிசை, தொண்ணூறுகளின் தமிழ்த் தொலைக்காட்சியில் பெரும் செல்வாக்குப் பெற்றது. இது அறிவியல் புனைவன்று; எனினும் அறிவியலைக் கையாண்ட முறையால் இங்குக் கருதத்தக்கது. ‘விடாது கருப்பு’ தொடரில் கருப்பசாமியின் சீற்றமாக ஊரார் அஞ்சும் கொலைகளுக்குப் பிளவுபட்ட ஆளுமை என்னும் உளவியல் விளக்கம் இறுதியில் கிடைக்கிறது. அதாவது, அறிவியல் இங்கு விடையாக வருகிறது. விடை என்பதால் அது கடைசி வரை ஒத்திவைக்கப்பட்டாக வேண்டும்; வாரந்தோறும் சிந்தும் தடயங்களைச் சேர்த்து வைத்தவருக்கே அவ்விடை முழுப் பொருள் தரும். இடையில் இரு வாரங்களை இழந்தவருக்கு எஞ்சுவது அச்சம் மட்டுமே. அத்தொடரின் அச்சம் அற்புதமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வச்சத்தைக் கடந்து விளக்கத்தை எட்டும் வாய்ப்பு எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இதற்கு நேரெதிராக இயங்குகிறது. ஆனந்த விகடனில் தொடர்கதையாக வெளிவந்து, பின்னர்த் தூர்தர்ஷனில் தொடராக்கப்பட்ட இக்கதையில் ஊகம் வாயிலிலேயே நிற்கிறது. காலம் 2021. நாட்டை ஆள்பவர் ஜீவா. மக்களின் பெயர்கள் சுருங்கிவிட்டன. குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலாவுக்கு அனுமதி கிடைக்கிறது. கணவன் சிபி காணாமற்போகிறான். ரவி என்பவன் ஜீனோ என்னும் இயந்திர நாயோடு அவள் வீட்டில் தங்க வருகிறான். இங்கும் மர்மம் உண்டு. ஜீவா உண்மையில் யார் என்பது இறுதிவரை இழுக்கப்படும் முடிச்சுதான். ஆயினும் நிகழ்ச்சிகளைத் தாங்குபவை அவ்வுலகின் விதிகள். விதிகளை ஒருமுறை அறிந்துகொண்டவர் எந்தப் பகுதியிலும் நுழைந்து, நிலா எதற்கு அஞ்சுகிறாள் என்று ஊகித்துவிட முடியும். ஜீனோவோ முன்கதைச் சுருக்கமே தேவைப்படாத பாத்திரம். அது பேசும் ஒவ்வொரு காட்சியும் அதற்கான அறிமுகமாகவும் அமைந்துவிடுகிறது. வடிவத்தால் தொடர்கதையாயினும் இக்கதை தனிக்கதையின் ஒழுக்கத்தைப் பேணுகிறது. இதே எழுத்தாளர் ‘திமலா’ போன்ற சிறுகதைகளில் ஒற்றை ஊகத்தைச் சில பக்கங்களில் நிறுவப் பழகியிருந்தார் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தனிக்கதையாக இருப்பதனாலேயே ஒரு படைப்பு இந்த ஒழுக்கத்தைப் பெற்றுவிடுவதில்லை. நெட்ஃப்ளிக்ஸில் 2021 ஆகஸ்ட் 6 அன்று வெளியான ‘நவரசா’ தொகுப்பில், வியப்புச் சுவைக்கென அமைந்தது கார்த்திக் நரேனின் ‘ப்ராஜெக்ட் அக்னி’. அரவிந்த்சாமியின் பாத்திரம் பேசுகிறது. பிரசன்னாவின் பாத்திரம் கேட்கிறது. காலப்பயணம், ஆழ்மனம், உருவகப்படுத்தப்பட்ட உலகம் என ஊகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. எந்த ஊகத்தின் விளைவும் வாழ்ந்து காட்டப்படுவதில்லை. பல பகுதிகளுக்கு உரிய உலகம், ஒரே பகுதிக்குள் உரையாடலாகச் சுருக்கப்பட்டுள்ளது. இறுதித் திருப்பமும் தொடர்கதையின் வாரக்கடைசி முடிச்சைப் போன்றதே. அடுத்த வாரம்தான் இல்லை. அமேசான் பிரைமில் 2020இல் வந்த ‘டைம் என்ன பாஸ்’ இத்தகைய பெருமிதம் எதுவும் இல்லாத நகைச்சுவைத் தொடர். வெவ்வேறு காலங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே வீட்டில் சிக்கிக்கொள்கிறார்கள் என்ற எளிய விதி மட்டுமே அதன் மூலதனம். நகைச்சுவையின் தரம் ஏறி இறங்கினாலும், எந்தப் பகுதியிலிருந்து பார்த்தாலும் அவ்விதி புலப்படுகிறது. அறிவியல் புனைவின் இலக்கணத்துக்கு இவ்விரண்டில் ‘டைம் என்ன பாஸ்’ நெருக்கமானது என்ற முடிவு வியப்பளிக்கலாம், தவிர்க்கவியலாதது.

இணையத் தளங்கள் வந்தபின் தவறவிட்ட வாரம் என்பதே இல்லை என்று வாதிடலாம். கைபேசி உதிரிபாகங்களே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உருவாகும் இன்று, ஷிப்ட் முடிந்து திரும்பும் பேருந்திலும் தொடர் காணலாம். ஆனால் பார்க்கும் நேரம் விடுதலை பெற்றதேயன்றி நீளவில்லை. எட்டு மணி நேரத் தொடரை இருபது இருபது நிமிடத் துண்டுகளாகப் பார்ப்பவர், இதழாசிரியர் நிறுத்திய இடத்தில் அன்றி, தம் நிறுத்தம் வந்த இடத்தில் நிறுத்துகிறார். முடிச்சு எங்கே விழும் என்பதை இனி எழுத்தாளர் திட்டமிட முடியாது. எந்தத் துண்டிலும் தன் விதியைக் காட்டி நிற்கும் கதையே அவ்வாறு பார்ப்பவரோடு பேச முடியும்; ஜீனோவைப் படைத்தவர் அதைத் தொலைக்காட்சிக்கு முன்பே, வார இதழில் செய்திருந்தார்.