எதிர்காற்றின் காலப்பிரமாணம்

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் வருகிறவர்களைக் கன்னியாகுமரியில் போய்ப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்கள். ஆனி, ஆடியில், பகல் 11 மணிக்கு மேல், நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவே பார்க்க வேண்டும். யாருக்கு ஓட்டத் தெரியும், யாருக்குக் கால்வலு மட்டும் இருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

காரணம் காற்று. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்துகிறது. மலை தாழ்ந்து வழிவிடுகிற இடங்களில் ஒன்று ஆரல்வாய்மொழிக் கணவாய். தடுபட்ட காற்றெல்லாம் அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து கிழக்கே பாய்கிறது. நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று முப்பந்தலில் அமைந்ததும் இதனால்தான். கடற்கரைக்காரர்கள் இந்த மேல்காற்றைக் கச்சான் என்பார்கள்.

திருநெல்வேலியைத் தாண்டினால் 44ஆம் எண் நெடுஞ்சாலை (பழைய 7) ஏறக்குறைய தெற்கே போகிறது. காற்று மேற்கிலிருந்து, அதாவது வலது விலாவில். லாரியும் வலப்பக்கம்தான் முந்துகிறது. இரண்டும் ஒரே பக்கம் அமைந்துவிட்டதில்தான் இந்தச் சாலையின் நுட்பமே இருக்கிறது.

ஒரு கன்டெய்னர் லாரி பின்னால் வருகிறது என்று வையுங்கள். முதலில் அதன் முகப்பு தள்ளிக்கொண்டு வரும் காற்று இடப்பக்கமாக ஓர் இடி இடிக்கும். அடுத்த நொடி லாரியின் உடம்பு கச்சானை முழுக்க மறைத்துவிடும். அதுவரை காற்றுக்கு ஈடாக வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டி வந்தவருக்குத் தாங்கிக்கொண்டிருந்த காற்று திடீரென்று இல்லாமல் போகும். சைக்கிள் லாரிச் சக்கரத்தைப் பார்த்து இழுபடும். லாரி கடந்ததும், மறைந்திருந்த காற்று மொத்தமாகத் திரும்பி வந்து வெள்ளைக்கோட்டுக்கு வெளியே சரளையில் தள்ளும். எல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள். காற்றாலை இறக்கை ஏற்றிய நீள டிரெய்லர் என்றால் கணக்கு வேறு. அந்த மறைப்பு முடியவே முடியாதோ என்றிருக்கும்.

புதியவர் இந்த மூன்று அடியையும் வாங்கிய பிறகு திருத்துவார். சைக்கிள் ‘எஸ்’ போடும். பின்னால் வரும் டிரைவரின் ஹார்ன் அதற்கு உரைநடையில் விமர்சனம் எழுதும். தேர்ந்தவர், லாரி பக்கத்துக்கு வருமுன்பே சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வார். முழங்கை மடங்கியிருக்கும், ஹேண்டில்பாரில் விரல்கள் தளர்ந்திருக்கும், இடுப்பு மட்டும் லேசாக நகரும். தூரத்தில் நிற்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத்தான் தெரியும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் உடம்பில் படுகிற ஒவ்வொரு வீச்சும் நேரே முன்சக்கரத்துக்குப் போய்விடும் என்பதை அவருடைய கை எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வித்தையும் உண்டு. சாலை நடுவே அரளி வைத்திருக்கிறார்கள் இல்லையா, காற்று அதைக் கடந்துதான் நம்மிடம் வர வேண்டும். அரளி படுத்தால் அடுத்த நொடி நமக்கு. தேர்ந்தவரின் வலக்கண் ஓரம் எப்போதும் அந்தச் செடிகளின் மேல்தான். இடக்கண் ஓரம், தப்பான திசையில் வெள்ளைக்கோட்டின் மேலேயே நிதானமாக வரும் மொபெட்காரருக்கு. அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

காவல்கிணறில் சாலை பிரிகிறது. நேரே கன்னியாகுமரி. வலப்பக்கம் திரும்பினால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில். திரும்பியதும் விலாவில் அடித்த காற்று முகத்துக்கு வந்துவிடும். காற்றின் தடை அது மோதும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 30 கி.மீ. எதிர்காற்றில் 15 கி.மீ. வேகத்தில் போகிறவர் மேல் மோதுவது 45 கி.மீ. காற்று, காற்றில்லாத நாளில் அதே 15இல் போவதைவிடத் தடை ஒன்பது மடங்கு. இதை முழங்காலால் வெல்லப் பார்ப்பவர் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வருவதற்குள் கணக்கு முடிந்து உட்கார்ந்துவிடுவார்.

நல்ல கச்சேரியில் எடுத்த காலப்பிரமாணம் கடைசிவரை நழுவக்கூடாது என்போம். சைக்கிளில் அது கால்சுற்று. சமவெளியில் நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் எதிர்காற்றிலும் ஏறக்குறைய 80தான் இருக்க வேண்டும். குறைய வேண்டியது வேகம். கியரை இறக்கு, இன்னும் இறக்கு, நடக்கிறவரைவிடக் கொஞ்சம் வேகம் என்றால் அதுவும் சரி. இந்தச் சாலையில் 25இலிருந்து 9க்கு இறங்கியும் கால் தாளம் மாறாமல் போகிற ஒருவரைப் பார்ப்பது எனக்குப் பெரிய சுகம். தோள் ஆடாது, தலை குத்திடாது, வாய் மூடியிருக்கும். பெடலை ஏறி ஏறி மிதிப்பவரிடம் வீரம் இருக்கலாம், லயம் இல்லை.

உள்ளூர்ப் பெரியவர்கள் கியரில்லாத பழைய சைக்கிளில் புல்லுக்கட்டோடு இதே வழியில் வருகிறார்கள். காற்று ஏறினால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள், முகத்தில் துளி வருத்தமில்லாமல். கியர் இல்லாத இடத்தில் கால்நடைதான் கடைசிக் கியர். நெதர்லாந்தில் இதையே போட்டியாக்கிவிட்டார்கள். 2013இலிருந்து, புயல்காற்று வீசும் நாளாகப் பார்த்து, கடலணைமேல் எட்டரை கி.மீ. தூரம், கியரில்லாத சாதாரண சைக்கிளில் எதிர்காற்றில் ஓட்டுகிறார்கள். அது கேளிக்கை, பக்கத்தில் லாரி கிடையாது.

சுமை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கறார் உண்டு. பின்கேரியரில் கோபுரம் போலப் பையை அடுக்கி, அதற்கு மேல் கம்பில் கொடி கட்டி வருகிறவர்கள் காற்றுக்குப் பாய்மரம் விரித்துக் கொடுக்கிறார்கள். தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும் சிறிய பைகள் போதும். கண்ணாடி ஒன்று கட்டாயம்: எதிர்காற்றில் காதுக்குள் இரைச்சல்தான் கேட்கும், பின்னால் வரும் பஸ் கேட்காது.

காற்று எங்கிருந்து வருகிறது என்று சந்தேகமிருந்தால் காற்றாலையைப் பாருங்கள், முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். எவ்வளவு பலம் என்பதை மட்டும் அதன் சுழற்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய மாதிரிகள் பல, காற்று கூடினாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதற்குப் பனையோலை இருக்கிறது. இல்லையென்றால் டீக்கடை. அங்கே முதல் வரவேற்பே, “அண்ணாச்சி, வண்டியச் செவுத்துல சாத்தாதிய, தள்ளிரும். படுக்கப் போடுங்க” என்பதுதான்.

நாகர்கோவிலிலிருந்து திரும்பினால் அதே காற்று முதுகில். 40 கி.மீ. வேகம் தானாக வரும். காது அடங்கிவிடும், சங்கிலியின் கிணுகிணுப்புகூடக் கேட்கும். காற்றும் நாமும் ஒரே வேகத்தில் போவதால் மேலே காற்றே படாது, வியர்வை ஆறாது. ரசிக்கவும் அதில் அதிகமில்லை; யார் ஓட்டினாலும் நன்றாக ஓட்டுவது போலவே இருக்கும். செயலியில் வேகக் கணக்கைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் திசையைத்தான் போடுகிறார்கள். எதிர்த்திசையில் ஓட்டி, மணிக்கு 9 கி.மீ. என்று பெருமையாகப் போட்ட ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் டீயும் வடையும் என் கணக்கு.