டாலர் குறியின் வேலை

கனடாவின் ஸ்கார்பரோவில் பலசரக்குக் கடை நடத்துபவரின் எக்செல் தாளைப் பாருங்கள். பி பத்தியில் மிக்சர், சிப்ஸ் விலைகள். ஈ1 கட்டத்தில் ஒன்ராறியோ மாகாணத்தின் எச்.எஸ்.டி. விற்பனை வரி, 13%. சி2 கட்டத்தில் =பி2*ஈ1 என்று எழுதிக் கீழே இழுத்தால், அடுத்த வரிசையில் அது =பி3*ஈ2 ஆகிவிடும். ஈ2 காலி, வரி பூஜ்யம். =பி2*$ஈ$1 என்று எழுதினால் விலை மட்டும் வரிசைக்கு வரிசை நகரும், விகிதம் அசையாது. குறியைக் கையால் போட வேண்டாம், எஃப்4 விசை போதும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பாதி கட்டிப் பாதி அவிழ்த்து விடுவது. ஏ பத்தியிலும் முதல் வரிசையிலும் எண்களை எழுதி, பி2இல் இட்ட =$ஏ2*பி$1 என்ற ஒரே சூத்திரத்தைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்தால் முழுப் பெருக்கல் வாய்பாடே வந்துவிடுகிறது. எவ்வளவு அழகான சிக்கனம்!

1979இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள், சூத்திரத்தை நகலெடுக்கும்போது ஒவ்வொரு முகவரிக்கும் ‘மாற்றவா, வேண்டாமா’ என்று கேட்கும். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3இல் அந்தப் பதில் டாலர் குறியாகச் சூத்திரத்திலேயே தங்கிவிட்டது.

மீண்டும் கடைக்காரரின் தாளுக்கு வருவோம். 2024 டிசம்பர் 14 முதல் 2025 பிப்ரவரி 15 வரை நொறுக்குத் தீனிகளுக்கு எச்.எஸ்.டி. இருக்கவில்லை. விகிதத்தைத் தனிக் கட்டத்தில் வைத்தவர் ஓரிடத்தில் பூஜ்யம் போட்டாலே போதுமானதாக இருந்தது. ஆகவே 0.13ஐச் சூத்திரத்துக்குள் எழுதாதீர்கள்; அதற்கென ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.