களத்துக்கு வெளியே யாருடைய வாழ்க்கை?

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ‘ஸ்லாம்’ கூடைப்பந்துக்கான பத்திரிகை. யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதோடு நிற்காமல், ஆட்டக்காரர்களின் ஷூ, தலைமுடி, பாட்டு, வளர்ந்த தெரு என்று எழுதிப் பெயர் வாங்கியது. 1999 மார்ச் இதழின் அட்டையில் ஆலன் ஐவர்சன் பின்னலை அவிழ்த்து, முடியை விரித்துவிட்டு நின்றார். கறுப்பின இளைஞரின் முடியையும் உடையையும் ஒழுங்கீனமாகப் பார்த்த சமூகத்தில் அதை அழகென்று அட்டையில் போட்டது ஓர் அரசியல் செயல். 2005இல் என்.பி.ஏ. ஆட்டக்காரர்களுக்கு உடை விதி கொண்டுவந்தபோது அந்தப் படத்தின் பொருள் இன்னும் துலங்கியது.

இதை மதித்துக்கொண்டே, அந்தப் பத்திரிகை பெண்களை எப்படிப் பார்த்தது என்றும் கேட்க வேண்டும். அதன் அட்டைக்கு வந்த முதல் பெண் ஷமீக்வா ஹோல்ட்ஸ்க்லா, ஆண்டு 1998. ஆனால் அவருக்கு அணிவிக்கப்பட்டது நியூயார்க் நிக்ஸ் என்ற ஆண்கள் அணியின் சட்டை. ஆண்கள் லீக் இவருக்குத் தயாரா என்பதே அட்டை எழுப்பிய கேள்வி. பெண்களின் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. 1997லேயே ஆடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பெண்ணை அளக்கும் கோல் ஆணாகவே இருந்தது. அடுத்து மாயா மூர் அட்டைக்கு வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இருவரின் வெளிவாழ்க்கை ஷூவிலும் பாட்டிலும் அடங்குவதில்லை. ஹோல்ட்ஸ்க்லா தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். மூர் 2019இல் ஆட்டத்தை விட்டு விலகி, சிறையிலிருந்த ஜோனதன் ஐரன்ஸின் விடுதலைக்காக உழைத்தார். 2020இல் ஐரன்ஸ் வெளியே வந்தார்.

நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கு வருவோம். சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர், இந்திய அணியின் முன்னாள் தலைவர். குழந்தை பெற்ற பிறகு மீண்டும் களமிறங்கி, 2017இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவை வென்ற அணியில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இப்படி ஒருவர் வென்றால் ‘தாயான பின்னும் சாதித்தவர்’ என்று தலைப்புப் போட நம் பத்திரிகைகளுக்குக் கை தானாக ஓடும். பயிற்சி நேரத்தில் குழந்தையை யார் பார்த்தார்கள், விடுப்பும் சம்பளமும் எப்படி, உடம்பு தேற எத்தனை மாதம் என்ற கேள்விகள் வருவதில்லை. தாய்மை புகழப்படுகிறது, அதன் வேலை கண்ணில் படுவதில்லை.

குத்தாலம் பக்கம் களம் என்றால் முதலில் நெற்களம்தான். அந்தக் களத்துக்குப் பெண் வருவதை யாரும் தடுப்பதில்லை. தூற்றவும் கூட்டவும் அவள் வேண்டும். பந்தாடும் களத்துக்கு அவள் போக வேண்டுமென்றால் அரைக்கால் சட்டையிலிருந்து விசாரணை தொடங்கும். அம்மா நடவுக்கோ களையெடுக்கவோ போன நாளில் உலை வைப்பது மகள். மாலைப் பயிற்சி நேரமும் அதுதான். இருட்டிய பிறகு யாரோடு வருவாள், எந்த பஸ்ஸில் வருவாள் என்பது அடுத்த கேள்வி. வயதுக்கு வந்ததும் பல வீடுகளில் கேள்வியே எழாது, ஆட்டம் நின்றுவிடும்.

ஆணுக்கு வெளிவாழ்க்கை என்பது ஆட்டத்தில் பெயர் எடுத்த பிறகு வரும் கதை. பெண்ணுக்கு அது ஆட்டத்துக்கு முன்பே வந்து, அவள் ஆடலாமா கூடாதா என்று தீர்மானித்துவிடுகிறது. ஆகவே விளையாட்டு வீராங்கனையைப் பற்றி எழுதுபவர்கள் அவளுடைய மாலை நேரம் யாருடையது என்று கேட்டுத் தொடங்கட்டும். வென்றவளிடம் மட்டும் கேட்டால் போதாது. எட்டாம் வகுப்போடு பந்தைக் கீழே வைத்தவளிடமும் கேட்க வேண்டும்.