சேலம் 1937: மதுவிலக்கு வாதங்களை உரசிப் பார்த்தால்

மதுக்கடைகளை மூடுவது பற்றிப் பேச்செடுத்தாலே மூன்று வாதங்கள் வரிசைகட்டி வரும். மூடினால் அரசின் கஜானா காலியாகும் என்பது முதலாவது. கள்ளச்சாராயம் பெருகி உயிர்கள் போகும் என்பது இரண்டாவது. மூன்றாவது எதிர்த்தரப்பின் வாதம்: ராஜாஜி சேலத்தில் செய்து காட்டினாரே, மனம் இருந்தால் இன்றும் முடியாதா? மூன்றும் சோதிக்கப்படாமலே உண்மைகளாக உலவுகின்றன. சோதிப்பதற்கு சேலம்–நாமக்கல் சமவெளியைவிடத் தகுந்த இடம் இல்லை. நாமக்கல்லும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது.

முதலில் பணம். கலால் வரி அன்றும் மாகாணத்தின் முக்கிய வருவாய்தான். அதை இழக்கத் துணிந்த அரசு, 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்து ஈடுகட்ட முயன்றது. அந்த வரி பின்னாளில் மாநில நிதிக்கே முதுகெலும்பானது. ஆகவே, மதுவின்றி அரசு நடக்காது என்பது இயற்கை விதியல்ல. அது அரசுகள் செய்த தேர்வு. ஆனால் அன்றிருந்த வழி இன்று திறந்திருக்கவில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் பெரும்பாலான பொருள்களுக்குத் தனியாக வரி போடும் உரிமை மாநிலத்திடம் இல்லை. கையில் மிஞ்சிய சில வரிகளில் மதுவும் பெட்ரோல், டீசலும் பெரியவை. 2023-24இல் மது வழியாக வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இதை ஒரே பட்ஜெட்டில் துறந்துவிடலாம் என்பவர் கணக்குப் பார்க்காமல் பேசுகிறார்.

கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சேலத்தில் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் ஆராய்ந்தார். குடிக்குப் போன கூலி உணவுக்கும் துணிக்கும் திரும்பியதை அந்த ஆய்வு காட்டியது. தொடக்க காலத்தை மட்டுமே பார்த்த ஆய்வு என்பதால் அதை முழுச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆயினும் அது எழுப்பும் கேள்வி வலுவானது. கூலிக்காரர் குடும்பத்தின் அரிசிப் பணத்தை வாங்கி, அதில் ஒரு பகுதியை நலத்திட்டமாக அதே வீட்டுக்குத் திருப்பித் தருவதை வருவாய் என்று எப்படி நெஞ்சறிந்து சொல்வது?

அடுத்தது குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு இல்லை. அரசின் டாஸ்மாக் மதுக்கடைகள் திறந்தே இருந்தன. கடைதான் கள்ளச்சாராயத்துக்குக் காப்பு என்ற வாதம் அங்கேயே உடைந்துபோனது. குவார்ட்டர் வாங்க முடியாதவருக்கு பாக்கெட் சாராயம்தான் கைக்கு எட்டும். வரிக்காக அரசு விலையை ஏற்ற ஏற்ற, கள்ளச்சந்தைக்கு வாடிக்கையாளர் சேர்கிறார்.

அதனால் மதுவிலக்கே தீர்வு என்றும் முடிவுகட்ட முடியாது. 2016 முதல் மதுவிலக்கில் இருக்கும் பீகாரில், 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் குவிந்தன. பல பத்தாண்டுகளாக மதுவிலக்கு உள்ள குஜராத்தில் 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது இந்தச் சாவுகளைத் தீர்மானிப்பதில்லை. மெத்தனால் எவ்வளவு எளிதாகக் கைமாறுகிறது, உள்ளூர் அதிகாரம் எவ்வளவு கண்டும் காணாமல் இருக்கிறது என்பவையே தீர்மானிக்கின்றன.

மூன்றாவது வாதத்தில் உண்மை உண்டு, ஆனால் பாதி. ராஜாஜி 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே ‘விமோசனம்’ இதழ் வந்தது. சட்டத்துக்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராக நடந்த வேலை அது. 1937இன் சட்டம் அந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது. தொடக்கத்தில் அதன் பரப்பும் ஒரு மாவட்டம் மட்டுமே. 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியதால், அதன் கண்காணிப்பில் சோதனை நடந்தது இரண்டே ஆண்டுகள். 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் விரிந்தபோது புதுப்பாளையத்தின் உழைப்பு அதே அளவில் உடன் போகவில்லை. சட்டம் இருந்தும் காய்ச்சுவது நிற்கவில்லை; 1971இல் கடைகள் திறந்தன. மனம் மட்டும் இருந்தால் போதும் என்பவர்கள் இந்த வரலாற்றின் முதல் பாகத்தோடு படிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள்.

என் தீர்ப்பு இதுதான். கஜானா வாதம் பாதி உண்மை. அதை நிரந்தரச் சாக்காக்குவது அநீதி. கள்ளச்சாராய வாதம் கருணாபுரத்தோடு தகுதி இழந்துவிட்டது. சேலத்தை மந்திரமாக உச்சரிப்பதும் சேலத்துக்குச் செய்யும் நியாயமல்ல. அந்த வரலாறு காட்டும் வரிசையே முக்கியம்: முதலில் ஊருக்குள் வேலை, பிறகு சட்டம், அதனோடு மாற்று வருவாய். இன்றைய அரசு அதைத் தொடங்குவதற்குத் தடை எதுவும் இல்லை. மது வருவாயின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு குறையும் என்பதை பட்ஜெட்டிலேயே அறிவிக்கட்டும். வட்ட மருத்துவமனைதோறும் குடிநோய்ச் சிகிச்சை கிடைக்கட்டும். மெத்தனால் லிட்டர் லிட்டராகக் கணக்கில் வரட்டும். கடை வேண்டாம் என்னும் கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தட்டும். இவற்றைச் செய்யாமல் தேர்தலுக்குத் தேர்தல் வரும் மதுவிலக்கு வாக்குறுதியை எந்தக் கட்சி தந்தாலும் நம்பக் கூடாது.