கேள்வி எழவில்லை

இளங்கலைத் தமிழ் மாணவிகளுக்கு நன்னூலின் வினா, விடை வகைகளை நடத்துவது எளிது. வினா ஆறு, விடை எட்டு. 'ஆடுவாயா?' என்று கேட்டால் 'ஆடுவேன்' என்பது நேர் விடை. 'ஆட மாட்டேன்' என்பது மறை விடை. 'நீயே ஆடு' என்றால் ஏவல் விடை. 'கால் வலிக்கிறது' என்றால் உற்றது உரைத்தல். 'பாடுவேன்' என்றால் இனமொழி விடை. வகுப்பு சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்துவிடும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி சிரிக்கவில்லை. "அம்மா, கேட்டதுக்குப் பதிலும் சொல்லாம, நீ கேக்கவே இல்லைன்னு சொன்னா அது எந்த வகை?" என்று கேட்டாள். அவளுடைய தாய் அங்கன்வாடி உதவியாளர். தாயின் சங்கத்தில் கொடுத்த துண்டறிக்கை ஒன்றை அவள் நோட்டுக்குள் வைத்திருந்தாள். நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்வியும் அதற்கு வந்த விடையும் அதில் மொழிபெயர்த்து அச்சிடப்பட்டிருந்தன. விடையின் கடைசி வரி: 'கேள்வி எழவில்லை'.

அன்றிலிருந்து நாடாளுமன்ற வினாவிடைகளை ஓர் இலக்கிய வகையாக வாசித்து வருகிறேன். கவிதைப் பிரதிக்குள் ஆணாதிக்கம் ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடிப் படிக்கப் பழகிய நமக்கு, அரசின் பிரதியைப் படிக்க அதே கண் போதும்.

முதலில் அதன் வடிவம். மக்களவையில் நாளின் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு உடுக்குறியிட்ட வினாக்கள் இருபது. இவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாக விடை சொல்ல வேண்டும். உறுப்பினர் துணைக் கேள்விகளும் கேட்கலாம். உடுக்குறியிடாத வினாக்கள் 230. இவற்றுக்கு எழுத்தில் விடை வரும், துணைக் கேள்வி கிடையாது. எந்த வினா எந்தப் பட்டியலில் சேரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. இருபதும் ஒரு மணி நேரத்துக்குள் முடிவது அரிது. எஞ்சியவையும் எழுத்து விடைகளாகிவிடும். ஆக, கேள்வி நேரத்தின் பெரும்பகுதி பேச்சே அல்ல, எழுத்துதான்.

அந்த எழுத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. வினா (அ), (ஆ), (இ), (ஈ) என்று உறுப்புகளாகப் பிரிந்திருக்கும். அங்கன்வாடி ஊழியர்களை நிரந்தரப் பணியாளர்களாக்கும் திட்டம் உண்டா என்பது (அ). ஆமெனில் விவரம் என்ன என்பது (ஆ). இல்லையெனில் காரணம் என்ன என்பது (இ). கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது இந்த மூன்றாவது உறுப்புதான். விடையோ '(அ) முதல் (இ) வரை' என்று மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி, திட்டத்தின் வரலாற்றை ஒரு பத்தியில் சொல்லி முடிந்துவிடும். காரணம் அந்தக் கட்டுக்குள் எங்கோ தொலைந்திருக்கும். தனித்தனியாக விடை வந்தால் முதல் உறுப்புக்கு 'இல்லை'. அடுத்ததற்கு 'கேள்வி எழவில்லை'. 'ஆமெனில்' என்று தொடங்கிய உறுப்புக்கு அப்படிச் சொல்வது தர்க்கப்படி சரிதான். 'இல்லையெனில் காரணம்' என்று கேட்ட உறுப்புக்கும் அதே வரி நீளும்போதுதான் அது தர்க்கத்திலிருந்து அதிகாரமாக மாறுகிறது.

இதை மறை விடை என்று சொல்ல முடியாது. மறை விடை கேட்டவரை மதிக்கிறது. உன் கேள்வி என் காதில் விழுந்தது, என் விடை 'இல்லை' என்கிறது. 'கேள்வி எழவில்லை' என்பது கேள்வியின் பிறப்பையே மறுக்கிறது. வீட்டில் 'ஏன் நான் மட்டும்?' என்று கேட்ட எந்தப் பெண்ணுக்கும் இந்த விடை புதிதல்ல. 'இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?' என்ற அடுக்களை வாக்கியத்தின் ஆட்சிமொழி வடிவம் அது.

மற்ற விடைகளை நன்னூலைக் கொண்டே வகைப்படுத்திவிடலாம். நிதி தருவீர்களா என்றால் 'அது மாநில அரசுகளின் பொறுப்பு' என்பது ஏவல் விடை. 'உங்கள் ஆட்சியில் என்ன செய்தீர்கள்?' என்பது வினா எதிர் வினாதல். 'நிதி நெருக்கடி' என்பது உற்றது உரைத்தல். 'கூடுதல் சுமை ஏற்படும்' என்பது உறுவது கூறல். அமைச்சர்களுக்கு மிகவும் பிடித்தது இனமொழி விடை. ஊதியம் பற்றிக் கேட்டால் காப்பீடு பற்றியும், ஊக்கத்தொகை பற்றியும், கொடுத்த கைப்பேசி பற்றியும் சொல்வது. ஆடுவாயா என்றால் பாடுவேன்.

அங்கன்வாடி ஊழியர் விஷயத்தில் இந்தப் பாட்டுக்கு ஒரு பல்லவி உண்டு: அவர்கள் சமூகத்திலிருந்து சேவை செய்ய முன்வந்த கௌரவப் பணியாளர்கள், அவர்களுக்குத் தருவது மதிப்பூதியம். 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு இந்த மதிப்பூதியத்தை ஊழியருக்கு மாதம் 3000 ரூபாயிலிருந்து 4500 ஆகவும், உதவியாளருக்கு 1500இலிருந்து 2250 ஆகவும் உயர்த்தியது. மாநிலங்கள் தம் பங்காகச் சேர்த்துத் தருவது இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் இதன் பெயர் சிறப்புக் காலமுறை ஊதியம். இங்கே 'சிறப்பு' என்றால் முழுக் காலமுறை ஊதியம் அல்ல என்று பொருள். அதனால்தான் சங்கங்கள் இந்தச் சிறப்பை நீக்கச் சொல்லிப் போராடுகின்றன.

கௌரவம் என்ற சொல்லின் பொருள் எனக்கு அகராதியில் தெரிந்ததல்ல. முனைவர் பட்டம் பெற்ற பின் அரசுக் கல்லூரி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். நிரந்தரப் பேராசிரியருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து அதே பாடத்தை நடத்தினேன். அதே விடைத்தாள்களைத் திருத்தினேன். கோடை விடுமுறை மாதத்தில் எனக்கு மட்டும் சம்பளம் இல்லை. மகப்பேறு விடுப்பு பற்றி அலுவலகத்தில் கேட்டேன். "உங்க போஸ்ட்டுக்கு அந்தக் கேள்வியே வராதும்மா" என்றார் அங்கிருந்தவர். கடுமையாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். நானும் சரி என்று திரும்பி வந்துவிட்டேன். அந்த வரியை மீண்டும் அச்சில் பார்க்க எனக்குப் பதினைந்து ஆண்டுகளும் ஒரு மாணவியும் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

பெண்களின் உழைப்புக்கு ஊதியம் தர மனமில்லாத இடத்தில் அரசு மதிப்பைத் தருகிறது. தாய்மை, சேவை, தியாகம் என்று நம் இலக்கியம் பெண்ணுக்குச் சூட்டிய அடைமொழிகள் நிதித்துறையின் கோப்பில் 'கௌரவம்' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியிருக்கின்றன. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் பெறும் மதிப்பூதியமும் அந்தச் சட்டத்தின்படி ஊதியமே என்றது. அவையில் எழாத கேள்வி நீதிமன்றத்தில் எழுந்து நின்றது.

அடுத்து, எண்கள். 2013 நிதிநிலை அறிக்கையில் 1000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றிய விடைகளில் மூன்று வினைச்சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: ஒதுக்கப்பட்டது, விடுவிக்கப்பட்டது, பயன்படுத்தப்பட்டது. மூன்றும் செயப்பாட்டு வினை. மூன்றும் வேறு வேறு தொகை. முதல் தொகை மேடைக்கு உரியது. பெண்ணின் தெருவுக்கு வந்து சேர்வது மூன்றாவது. மூன்றாவது எண் பெரிதாக இருந்தாலும் போதாது, எதற்காகப் பயன்பட்டது என்று கேட்க வேண்டும். பெண் குழந்தைகளைக் காக்கவும் கற்பிக்கவும் கொண்டுவந்த 'பேட்டி பச்சாவ் பேட்டி படாவ்' திட்டத்தில் 2016 முதல் 2019 வரை மாநிலங்களுக்கு விடுவிக்கப்பட்ட 446.72 கோடி ரூபாயில் 78.91 விழுக்காடு ஊடக விளம்பரத்துக்கே செலவானது. இதை 2021இல் சொன்னது நாடாளுமன்றத்தின் பெண்களுக்கு அதிகாரமளித்தலுக்கான குழு. அதன் தலைவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த பெண் உறுப்பினர் ஹீனா காவித். 'நிதி பயன்படுத்தப்பட்டது' என்ற வரியை அவர்கள் முற்றுப்புள்ளியாக எடுத்துக்கொள்ளவில்லை.

எண்களே இல்லாத விடையும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நீக்கப்பட்டு எழுத்து விடைகள் மட்டும் வந்தன. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பியபோது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். அடுத்த ஆண்டு ஜூலையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்ததாக எந்த மரணத்தையும் மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று மாநிலங்களவைக்கு எழுத்தில் விடை வந்தது. அந்த விடையில் பெயர் இருந்த அமைச்சர் ஒரு பெண், படித்த மருத்துவரும்கூட. அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 2024இல் தேர்வான மக்களவையில் 543 பேரில் பெண்கள் 74 பேர். 2021 தேர்தலில் நம் சட்டமன்றத்துக்கு வந்தவர்கள் 234 பேரில் 12 பேர். இந்த எண்ணிக்கை கூட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விடையின் மொழி அப்படியே இருந்தால், அதை வாசிக்கும் குரல் மட்டுமே மாறும்.

கேட்பவரின் மொழிக்கு வருவோம். நம் சட்டமன்ற வினாக்களின் வழக்கமான முடிவு 'அரசு ஆவன செய்யுமா?', 'அரசு முன்வருமா?'. நன்னூல்படி இது கொளல் வினா, பெற்றுக்கொள்வதற்காகக் கேட்பது. கடைக்காரரிடம் பருப்பு இருக்கிறதா என்பதுபோல. தொகுதிக்குப் பாலம் கேட்பதில் தவறில்லை. ஆனால் புகழுரையில் தொடங்கி வேண்டுகோளில் முடியும் மொழியில் கணக்குக் கேட்க முடியாது. கணக்குக் கேட்பதற்கு உரியது அறிவினா. விடை தனக்குத் தெரிந்திருந்தும் எதிரில் இருப்பவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பதற்காகக் கேட்பது. இலக்கணம் அதை ஆசிரியருக்குக் கொடுத்தது. ஜனநாயகம் உறுப்பினருக்குக் கொடுத்தது. மானியக் கோரிக்கையின்போது ஒரு துறையின் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம்கூட ஒருவகை அறிவினாதான். அந்தக் கொள்கையை நான் ஏற்கவில்லை என்பதே அந்த ஒரு ரூபாயின் பொருள்.

அரசவையில் கேட்ட பெண் என்றதும் நாம் கண்ணகியிடம் போய் நிற்கிறோம். அவளுடைய சினத்தைக் கொண்டாடி அவளுடைய முறையை மறந்துவிட்டோம். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்று முதலில் சொல்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று பாண்டியன் தன் வாயால் சொல்கிறான். பிறகுதான் சிலம்பு உடைகிறது. அவளுடையது அறிவினா. அவனுடையது, தன் உயிரையே விலையாகக் கேட்ட போதும், நேர் விடை. 'அத்தகைய தரவு அரண்மனையில் பராமரிக்கப்படவில்லை' என்று அவன் சொல்லியிருந்தால் காப்பியம் அங்கேயே நின்றிருக்கும்.

என் தலைமுறைப் பெண் கவிஞர்கள் உடலை எழுதினோம், வசவு வாங்கினோம். அது தேவையான எழுத்து. ஆனால் அந்த உடல் நாள் முழுக்கச் செய்த வேலைக்கான கணக்கு எழுதப்பட்ட தாள்களை நாங்கள் படிக்கவில்லை. அவை வறண்ட தாள்கள் என்று நினைத்தோம். அப்படி நினைக்க வைப்பது அந்த மொழியின் வெற்றி.

அந்த வகுப்பில் பிறகு ஒரு பயிற்சி கொடுத்தேன். நாடாளுமன்ற வடிவில், உறுப்புகள் பிரித்து, ஆளுக்கொரு வினா. அந்த மாணவி எழுதியது இது: (அ) அங்கன்வாடி உதவியாளர் ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்ற கணக்கு அரசிடம் உள்ளதா? (ஆ) ஆமெனில், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? (இ) இல்லையெனில், 2250 என்ற தொகை எந்தக் கணக்கில் வந்தது? மூன்றாவது உறுப்புக்கு 'கேள்வி எழவில்லை' என்று எழுத முடியாதபடி அமைத்திருந்தாள். நான் கற்றுக்கொடுத்ததல்ல.

தொகுதி உறுப்பினருக்கு அனுப்பலாமா என்றேன். வீட்டில் கேட்டுவிட்டு வந்து, "அனுப்பலாம், ஆனா அம்மா பேரு எங்கயும் வரக்கூடாதாம்" என்றாள். மேற்பார்வையாளர் நாளைக்கு மையத்துக்கு வருவார், பதிவேட்டைப் புரட்டுவார், அந்தப் பயம் பொய்யானதல்ல. அவையில் பேசியதற்காக உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது என்கிறது அரசியலமைப்பின் 105ஆம் பிரிவு. அந்தத் தாய்க்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அவர் கேட்க முடியாததை அவருக்காகக் கேட்கத்தான் அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு.

பெயர் போடாமல் அனுப்பினோம். விடை இன்னும் வரவில்லை. இந்த ஆண்டு மாணவிகளுக்கு வினா வகைகளை நடத்தும்போது பருப்புக் கடையை விட்டுவிட்டு அந்த மூன்று உறுப்புகளையே கரும்பலகையில் எடுத்துக்காட்டாக எழுதுகிறேன்.