பூஜ்யம் காட்டும் மீட்டர்

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது சவூதி சட்டம். அதனால் தம்மாமில் சோலார் வேலைக்குப் போகிற நாங்கள் காலையிலேயே மாடி ஏறிவிடுவோம். பதினொன்றரைக்குள் இறங்காவிட்டால் பேனல் சட்டத்தைத் தொட்ட கை பொரிந்துவிடும். அப்படி ஒரு வில்லா மாடியில்தான் ஃபுளூக் 393 எஃப்சி கிளாம்ப் மீட்டரை முதன்முதலாகக் கையில் எடுத்தேன்.

இது சோலார் வேலைக்கென்றே செய்த மீட்டர், டிசியில் 1500 வோல்ட் வரை தாங்கும். சோலார் பண்ணைக்கு அது வேண்டும். வீட்டுக்கு அதிகம்தான். அந்த வில்லாவில் ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது தொடராக இணைத்த ஒரு வரிசையில், எட்டு பேனல்கள். பேனலுக்கு 49 வோல்ட் வீதம் 392 வரவேண்டும். மீட்டர் 355 காட்டியது. கூட இருந்த தம்பி, "அண்ணே, ஒரு பேனல் போச்சா?" என்றான். போகவில்லை. 49 என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது கிடைக்கும் கணக்கு. தம்மாம் வெயிலில் அது 60 டிகிரியைத் தொடும். சூடு ஏறினால் வோல்டேஜ் இறங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது, பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் மீட்டர் சத்தம் போட்டுச் சொல்வது. கண்கூசும் வெயிலில் திரையில் சின்னக் கோடாகத் தெரியும் மைனஸ் குறியை யார் பார்ப்பது? கேபிளைக் கவ்வும் தாடையும் மெலிது. நெருக்கமாகக் கட்டிய கேபிள்களுக்கு நடுவே சிரமமில்லாமல் நுழைந்தது. கரண்டை அளக்கும்முன் டிசி ஜீரோ செய்ய, அதாவது திரையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர, மறக்காதீர்கள். அப்படி அளந்தபோது ஒரு ஸ்ட்ரிங்கில் 10.2 ஆம்பியர், பக்கத்து ஸ்ட்ரிங்கில் 8.6. காரணம் மண். காலி மனைப் பக்கம் இருந்த பேனல்களில் அப்பியிருந்தது. கழுவியதும் சரியாகிவிட்டது.

இப்படிக் கரண்டை அளக்க எந்த கனெக்டரையும் கழற்றத் தேவையில்லை என்பதைப் பெரிய விஷயமாகச் சொல்வேன். சவூதியின் 60 ஹெர்ட்ஸ் ஏசி, வினாடிக்கு 120 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். நம் இந்தியாவில் 100 முறை. பொறி கிளம்பினாலும் அணைய ஒரு வாய்ப்பு உண்டு. டிசி பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. லோடு ஓடும்போது கனெக்டரை இழுத்தால், வெல்டிங் ராடு போலத் தீ நின்று எரியும்.

இனி குறை. பிளஸ், மைனஸ் இரண்டு கேபிளையும் சேர்த்துத் தாடைக்குள் விட்டேன். போவதும் வருவதும் சமமென்றால் பூஜ்யம் வரவேண்டும். 0.0 என்று வந்தது. தம்பிக்கு ஒரே சந்தோஷம், "லீக்கேஜ் இல்லண்ணே!" என்றான். அங்கேதான் ஆபத்து. இந்தத் தாடை படிக்கக்கூடிய மிகச் சின்ன அளவு 0.1 ஆம்பியர், அதாவது 100 மில்லி ஆம்பியர். மனிதரைக் காக்க வீட்டில் மாட்டும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரிலேயே விழுந்துவிட வேண்டும். ஆளைக் கொல்லும் லீக்கேஜ் ஓடினாலும் இந்தத் திரை 0.0 என்றே காட்டும்.

அதனால்தான் சோதனைக்கான ஐஇசி 62446-1 விதி, கிளாம்ப் மீட்டரோடு விடுவதில்லை. எர்த் தொடர்ச்சி, போலாரிட்டி, ஸ்ட்ரிங் வோல்டேஜ், கரண்ட் எல்லாம் பார்த்துவிட்டு, இன்சுலேஷனையும் பார்க்கச் சொல்கிறது. எங்கள் 392ஐ 1.25ஆல் பெருக்கினால் 490. அது 500க்குள் அடங்குவதால், மெகர் என்னும் இன்சுலேஷன் சோதனைக் கருவியில் 500 வோல்ட் கொடுத்து குறைந்தது 1 மெகாஓம் வரவேண்டும். அந்தச் சோதனை இந்த மீட்டரில் கிடையாது. மெகர் தனியாக வாங்கத்தான் வேண்டும்.

பேட்டரிப் பக்கமும் பாதி வேலைதான் நடந்தது. 51.2 வோல்ட் பேட்டரியில் 5 கிலோவாட் இழுத்தால் சுமார் 98 ஆம்பியர். அதைச் சுலபமாக அளந்துவிட்டது. ஆனால் கேபிள் முனையிலுள்ள லக் லூசாக இருந்தாலும் அதே 98தான் ஓடும். சூடாவது லக், கரண்ட் மாறாது. அந்தச் சூட்டைக் கண்டுபிடிக்க தெர்மல் கேமராவோ, முறுக்கிப் பார்க்க டார்க் ஸ்பேனரோ வேண்டும்.

ஊரில் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால், விடுமுறைக்குப் போகும்போது இந்த மீட்டரை வாங்கிப் போகலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தொழிலாகச் செய்பவர் வாங்கலாம். வீட்டுக்காரருக்கு வேண்டாம். சோலார் போட்டவரிடம் மெகர் ரீடிங் எழுதிய தாளைக் கேளுங்கள். அவர் முழித்தால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.