படையேடும் பரம்பரைப் பட்டியலும்

முன்னோருள் ஒருவர் வாளேந்திய வீரர் என்று சொல்லிக்கொள்வதில் மனிதருக்குத் தனியொரு மகிழ்ச்சி உண்டு. குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் முதலில் தேடுவது நிலத்தின் பத்திரத்தை. அடுத்துத் தேடுவது வாளை. தேடிக் கிடைத்த வாளும் பெரும்பாலும் தளபதியின் வாளாகவே இருக்கக் காண்கிறோம். ஒரு தளபதியின் பின்னே ஆயிரம் காலாட்கள் நின்றிருப்பர். அந்த ஆயிரவருக்கும் மக்கள் பிறந்திருப்பர். அம்மக்கள் வழியிலும் இன்று பலர் வாழ்ந்துகொண்டிருப்பர். ஆயினும் பரம்பரைப் பட்டியல்களில் காலாளின் வழிவந்தோர் எவரும் தென்படுவதில்லை. இவ்வகை எழுத்தைச் சற்று நிறுத்தி நிதானித்துப் படிப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

எனினும், வமிசாவளி என்றாலே வீண்பெருமை என்று ஒதுக்கிவிடுவோரின் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. முன்னோரின் படைப்பணியும் குடும்பத்தின் பதிவும் ஒரே ஏட்டில் எழுதப்பெற்ற காலம் ஒன்று இஸ்லாமிய வரலாற்றில் உண்டு. அந்த ஏடு எதற்காக எழுதப்பட்டது, எவரைச் சேர்த்தது, எவரை விட்டது என்று அறிந்துகொண்டால், எந்தப் பட்டியலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு நல்லதோர் அளவுகோல் நம் கைக்குக் கிட்டும்.

ஊதியத்துக்காக எழுந்த ஏடு

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 20இல் (கி.பி. 640-41), திவான் எனும் பதிவேடு தோன்றியது. ஹிஜ்ரி 15 என்று தபரீ குறிப்பதும் உண்டு. பிற்காலத்தில் அலுவலகத்தையும் அமைச்சரையும் குறித்து, நம் சமஸ்தானங்கள் வரை வந்து சேர்ந்த திவான் என்ற சொல், அன்று ஒரு பெயர்ப்பட்டியலையே குறித்தது. படைவீரர் இன்னார், அவர் மனைவி மக்கள் இன்னார், ஆண்டுக்கு அவருக்குரிய தொகை இவ்வளவு என்பதே அதில் எழுதப்பட்ட செய்தி.

அரபு நாட்டில் ஒரே பெயருடையோர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். ஆளை அடையாளம் காணத் தந்தை பெயரும் பாட்டன் பெயரும் குலத்தின் பெயரும் வேண்டியிருந்தன. ஆகவே வமிசம் அறிந்த குறைஷியர் மூவரிடம், அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகியோரிடம், அப்பணி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் முதலில் ஹாஷிம் குலத்தையும், அடுத்து அபூபக்கர் (ரலி) அவர்களின் குலத்தையும், அதனையடுத்து உமர் (ரலி) அவர்களின் குலத்தையும் வரிசைப்படுத்திக் கொண்டுவந்தனர். கலீஃபா அதனை ஏற்கவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களுக்கு உறவால் நெருங்கியோரை முன்னும், அடுத்தோரை அடுத்தும் எழுதுமாறும், தம்மை அவ்வரிசையில் விழும் இடத்திலேயே வைக்குமாறும் பணித்தார். அவரது குலத்தார் வந்து முறையிட்டும் வரிசை மாறவில்லை.

தொகையை முடிவு செய்தது உறவு மட்டுமன்று. பத்றுக் களத்தில் நின்றவருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம். அதன்பின் வந்தோருக்குப் படிப்படியாகக் குறைவு. விடுதலை பெற்ற அடிமையான ஸைத் (ரலி) அவர்களின் மகன் உஸாமா (ரலி) அவர்களுக்கு 4,000 எழுதப்பட்டது. கலீஃபாவின் சொந்த மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்கு 3,000 எழுதப்பட்டது என்று ஓர் அறிவிப்புக் கூறுகிறது. மகன் காரணம் கேட்டார். உஸாமாவும் அவர் தந்தையும் நாயகத்தின் அன்பில் உன்னையும் உன் தந்தையையும் முந்தியவர்கள் என்ற கருத்தில் விடை வந்தது.

குழந்தைகளும் ஏட்டில் இடம் பெற்றனர். பால்குடி மறந்த குழந்தைக்கே தொகை என்பது முதலில் இருந்த விதி. அத்தொகைக்காகத் தாய் ஒருத்தி தன் மகவை முன்கூட்டியே பால் மறக்கடிப்பதை அறிந்த உமர் (ரலி) அவர்கள், பிறந்த நாள் முதலே 100 திர்ஹம் என்று விதியை மாற்றினார். ஒரு விதியின் பிழையால் ஒரு சிசு அழுதது. அவ்வழுகையால் ஏடு திருந்தியது. படையேடு குடும்ப ஏடாகவும் ஆனது இவ்வாறே.

குருதி வழி வாராத உறவு

இந்த ஏட்டில் திறனாய்வாளன் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிரியாவில் திவான் எழுதப்பட்டபோது, அங்கே போர்ப்பணியில் இருந்த ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களை எக்குலத்தோடு பதிவது என்ற கேள்வி எழுந்தது. அபிசீனிய வழியினரான அவருக்கு அரபுக் குலம் ஏதுமில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் தமக்குச் சகோதரராக இணைத்துவைத்த அபூருவைஹா (ரலி) அவர்களோடு தம்மை எழுதுமாறு அவர் கேட்டுக்கொண்டார். அவ்வாறே அவர் கஸ்அம் குலத்தோடு எழுதப்பட்டார். அவர் பொருட்டு அபிசீனியர் அனைவரின் பதிவும் அக்குலத்தோடு சேர்க்கப்பட்டது என்றும், தம் காலத்திலும் சிரியாவில் அவ்வாறே இருந்தது என்றும் இப்னு இஸ்ஹாக் கூறுகிறார்.

பாரசீகக் குதிரைப்படையினரான அஸாவிராக்களின் நிலையும் இத்தகையதே. இஸ்லாத்தைத் தழுவிப் பஸ்ராவில் குடியேறிய அவர்கள் தமீம் குலத்தோடு சேர்ந்து ஏட்டில் இடம் பெற்றனர். இரண்டு நூற்றாண்டு கழித்து ஒருவர் அந்த ஏட்டைப் புரட்டி, ‘என் மூதாதை தமீம் குலத்துப் படைவீரர்’ என்று எழுதினால், அவர் ஏட்டில் உள்ளதையே எழுதியவராவார். ஆயினும் குருதி வழி அவர் எழுதியதாக இருக்காது. ஏடு பொய் சொல்லவில்லை. ஊதியம் எக்கூட்டத்தோடு வழங்கப்பட்டது என்பதை அது சொன்னது. யார் யாருக்குப் பிறந்தார் என்று நாம் அதனிடம் கேட்கிறோம். பரம்பரை நூல்களில் காணும் குழப்பங்களுள் பெரும்பகுதி, ஓர் ஆவணம் எழுந்த நோக்கத்தை மறந்து அதனைப் படிப்பதால் விளைவதே.

ஏட்டிலிருந்து இலக்கியத்துக்கு

ஹிஜ்ரி 218இல் (கி.பி. 833) கலீஃபா முஃதஸிம் எகிப்திலிருந்த அரபியரின் பெயர்களைத் திவானிலிருந்து நீக்க உத்தரவிட்டார். அப்பாஸியர் படைகளில் அரபுக் குலங்களுக்கு இருந்த இடம் மறைந்துகொண்டிருந்த காலம் அது. ஊதியம் நின்றபின் வமிசம் நூல்களில் குடிபுகுந்தது. இப்னுல் கல்பீயின் வமிசத் தொகுப்பு, கி.பி. 845இல் மறைந்த இப்னு ஸஅதின் தபகாத், 892இல் மறைந்த பலாதுரீயின் அன்ஸாபுல் அஷ்ராஃப் ஆகிய பெருநூல்கள் எழுந்த காலம் ஏறத்தாழ இதுவே.

இவற்றுள் தபகாத்தின் அமைப்பை ஊன்றி நோக்குவார்க்கு, அது திவானின் சாயலிலேயே கட்டப்பட்டிருப்பது புலனாகும். பத்றுத் தோழர்கள் முதலிடம் பெறுகின்றனர். அவர்களுள்ளும் ஹாஷிம் குலத்தார் முன்னிற்கின்றனர். ஒவ்வொருவர்க்கும் தந்தை வழி, தாயின் பெயர், மனைவியர், எம்மனைவிக்கு எம்மக்கள், கலந்துகொண்ட போர்கள், இறந்த ஆண்டு, அடக்கமான இடம் என்று செய்திகள் ஒழுங்காகத் தொடர்கின்றன. பெண்களுக்கும் தனிப்பகுதி உண்டு. உஹதில் வாளேந்திப் பெருமானாரைக் காத்து நின்று பல காயம் பட்ட உம்மு உமாரா (ரலி) அவர்களின் போர்ப்பணியை அப்பகுதியும் சொல்கிறது. தாயின் பெயரை விடாது எழுதிய அந்தப் பண்பை, ஆண்களின் பெயரை மட்டும் கொடிவீட்டுக் காட்டும் பிற்காலப் பட்டியல்களோடு ஒப்பிட்டால் நாம் இழந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பத்றில் நின்றோர் 313 பேர் என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் எண். இப்னு இஸ்ஹாக் தரும் கணக்கு 314. முஹாஜிர்கள் 83, அவ்ஸ் 61, கஸ்ரஜ் 170. சில பெயர்களை ஒருவர் சேர்க்க, மற்றவர் விடுகிறார். பத்றுத் தோழர் என்ற சொல்லுக்கு மதிப்பும் இருந்தது, தொகையும் இருந்தது. எனவே ஒரு பெயர் உள்ளே வருவதற்கும் வெளியே நிற்பதற்கும் காரணங்கள் இருந்தன. அக்கால ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை மறைக்கவில்லை. இன்னார் இவரைச் சேர்க்கிறார், இன்னார் சேர்க்கவில்லை என்று எழுதிவைத்தனர். தம் நூலின் ஐயத்தைத் தாமே எழுதிவைக்கும் இந்த நேர்மையே அந்நூல்களின் பெருஞ்சிறப்பு.

இப்னு கல்தூனின் கணக்கு

இத்துறையில் திறனாய்வின் உச்சியைத் தொட்டவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில், வமிசம் என்பது மனத்தில் நிலவும் ஓர் எண்ணமே. மக்களைப் பிணைத்து ஒருவருக்கொருவர் உதவச் செய்யும் அளவுக்கே அதற்குப் பயன் உண்டு என்று அவர் வாதிடுகிறார். அடைக்கலத்தாலும் உடன்படிக்கையாலும் ஒரு குலத்தார் மறுகுலத்தாராகி, காலப்போக்கில் பழைய வழி மறந்துபோவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அர்ஃபஜா என்பவரைப் பஜீலா குலப்படைக்குத் தலைவராக்கியபோது, அவர் எம்மவர் அல்லர் என்று அக்குலத்தார் மறுத்ததையும், தாம் பிறப்பால் அஸ்து குலத்தவர் என்று அவரே ஒப்புக்கொண்டதையும் சான்றாகத் தருகிறார். எதிர்ப்பு எழாதிருந்தால் சில தலைமுறைகளில் அவர் வழியினர் ஐயமற்ற பஜீலாக்களாக ஆகியிருப்பர்.

பிறர் வமிசத்தை ஆய்வது எளிது. இப்னு கல்தூனோ தம் வமிசத்தையும் அதே தராசில் வைத்தார். அவர் குடும்பம் ஹள்ரமௌத்தைச் சேர்ந்த வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்களின் வழியென்று சொல்லப்பட்டது. கல்தூன் என்னும் முன்னோர் யமன் படையினரோடு ஸ்பெயின் சென்றவர். தம் சுயசரிதையில் தமக்கும் கல்தூனுக்கும் இடையே பத்துப் பெயர்களையே தருகிறார். தந்துவிட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மூன்று தலைமுறை என்ற கணக்கில், ஸ்பெயின் வெற்றியிலிருந்து தம் காலம் வரையுள்ள ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு இருபது பெயர்களாவது வேண்டும். ஆகவே பாதிப் பெயர்கள் விடுபட்டிருக்க வேண்டும் என்று தாமே சொல்லிவிடுகிறார். இடைவெளியை நிரப்பப் பெயர்களைப் படைத்துக்கொள்ள அவருக்கு அறிவும் வாய்ப்பும் இருந்தன. அவர் படைத்துக்கொள்ளவில்லை.

நம் மலர்களிலும் குடும்ப நூல்களிலும் வெளியாகும் ஷஜராக்களுக்கு இக்கணக்கு ஒரு நல்ல உரைகல். 1,200 ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கிய படைத்தலைவர் ஒருவரிலிருந்து இன்றைய பேரன் வரை பதினைந்து பெயர்களே இருப்பின், இருபதுக்கு மேற்பட்டோர் காணாமற்போயினர் என்று பொருள். அதனை வெளிப்படையாக எழுதிவிட்டால் பட்டியலுக்கு இழுக்கில்லை. எழுதாது விட்டால் உள்ள பதினைந்தும் ஐயத்துக்கு உள்ளாகும்.

ஏட்டில் இல்லாதோர்

பெருமை பேசும் பட்டியல்களுக்கு எதிரே, பெயரே எழுதப்படாதோரின் கதையும் நிற்கிறது. ஹிஜ்ரி 100 அளவில் குராசானிலிருந்து வந்த ஒருவர், அங்கே அரபியரல்லாத மவாலிகள் 20,000 பேர் ஊதியமும் உணவுப்படியுமின்றிப் போரிடுகின்றனர் என்று கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸிடம் முறையிட்டதைத் தபரீ பதிவு செய்கிறார். அந்த 20,000 பேரும் போரிட்டனர். திவானில் அவர்கள் இல்லை. அவர்கள் வழிவந்தோர் எந்த ஏட்டைப் புரட்டினாலும் முன்னோரைக் காணமாட்டார்கள். ஏட்டில் இல்லாததால் ஒருவர் களத்தில் இல்லை என்று முடிவு கட்டுவது எத்துணைக் கொடிய பிழை!

வரலாறு இப்பிழையைப் பஸ்ராவிலேயே மறுபடியும் செய்தது. வீரர்களைக் குலம் குலமாகப் பதிந்து ஊதியம் வழங்கிய அந்தப் படைநகரில், 1929இல் ஆங்கிலேயர் ஒரு நினைவுச்சின்னம் திறந்தனர். மெசபொத்தேமியப் போரில் மாண்டு, அடக்கத்தலம் அறியப்படாத 40,500க்கும் மேற்பட்டோருக்கான சின்னம் அது. ஆங்கில வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறிக்கப்பட்டது. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ, அவரவர் ரெஜிமெண்டின் கீழே இத்தனை பேர் என்று எண் மட்டும் பொறிக்கப்பட்டது. 1997இல் அச்சின்னம் நாஸிரிய்யா செல்லும் சாலைக்கு இடம் மாற்றப்பட்டது. போர்க்கல்லறை ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, அப்பெரும்போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களுள் குறைந்தது 1,16,000 பேரும், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயரால் நினைக்கப்படவில்லை அல்லது நினைக்கப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. நம் சென்னை சாப்பர் படையினரும் அந்த மெசபொத்தேமிய மண்ணில் பணியாற்றியவர்களே. வேலூர் மணிக்கூண்டுக் கல்வெட்டும் ஊரிலிருந்து போருக்குச் சென்றோர் எத்தனை பேர், மடிந்தோர் எத்தனை பேர் என்று சொல்கிறது. எவர் என்று சொல்லவில்லை.

இழந்த பெயர்கள் மீள்வதும் உண்டு. 1919இல் பஞ்சாப் அரசு ஊர்வாரியாகத் தொகுத்து, பின்னர் லாகூர் அருங்காட்சியகத்தில் உறங்கிக் கிடந்த பதிவேடுகளில் ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரம் உண்டு. அவற்றுள் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டங்களைச் சேர்ந்த 45,000 பதிவுகள் 2021 நவம்பரில் எல்லாரும் தேடிப் பார்க்கும் வண்ணம் கணினியில் வெளியாயின. வீரனின் பெயர், தந்தை பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே ஊரின் பெயரை வைத்தே கிடைக்கின்றன. குலத்தைக் கேட்டால் ஊரின் பெயரைச் சொல்வோரைப் போல ஆகிவிடாதீர்கள் என்று அரபியரை உமர் (ரலி) அவர்கள் எச்சரித்ததாக ஒரு செய்தி உண்டு. குலம் மறந்து ஊர் மட்டும் எஞ்சிய எளிய குடும்பங்களுக்கு, இன்று அந்த ஊர்ப்பெயரே பாட்டனைக் காட்டும் வழியாகியிருக்கிறது.

ஆகவே குடும்ப வரலாறு எழுத முனைவோர், வாளைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஏட்டைத் தேடட்டும். ஓய்வூதியப் புத்தகம், பணி விடுவிப்புச் சான்று, பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு ஆகியவை புகழ்மாலைகளைவிட உண்மை பேசுபவை. அவை எவரையும் மகிழ்விக்க எழுதப்பட்டவை அல்ல. கிடைத்த பெயரை எழுதுக. கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விடுக. தாயின் பெயரையும் சேர்த்து எழுதுக. சமையற்காரராகவோ சுமைதூக்கியாகவோ படையோடு சென்ற பாட்டனையும் மறைக்காது எழுதுக. பிலால் (ரலி) அவர்கள் தம் பெயரை எழுதச் சொன்ன இடத்தை நினைவிற் கொள்வோர்க்கு, தளபதியின் வழித்தோன்றலாக இல்லாமற்போனதில் ஒரு குறைவும் தோன்றாது.